இல்லாத சாமானுக்குப் பதில் எதைப் போட்டீர்கள்? எல்லாரும் எழுதுங்கள்

திருச்சி_தாளிப்பு:
புளி இல்லை என்ன செய்ய, தேங்காய் தீர்ந்துவிட்டது விட்டுவிடலாமா என்று வாராவாரம் யாராவது கேட்கிறார்கள், பதில்கள் மூலைக்கு ஒன்றாகக் கிடக்கின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒரே இழையில் சேர்ப்போம். சிரிக்க வைத்த மாற்றுகளையும் எழுதுங்கள், ஆனால் சாப்பிட முடிந்ததா என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இல்லாத சாமான் பார்க்க எப்படி இருக்கும் என்று யோசித்து அதே மாதிரி இன்னொன்றைத் தேடாதீர்கள், அது அந்தக் குழம்பில் என்ன வேலை பார்க்கிறது என்று கேளுங்கள். தேங்காயையே எடுத்துக்கொள்வோம். பொரியலில் அது மேலே தூவுவதற்கு மட்டும்தான், இல்லாவிட்டால் ஊறவைத்த பாசிப்பருப்பு கொஞ்சம் போதும். சட்னியில் அதுதான் உடம்பு, அங்கே வறுத்த வேர்க்கடலை நிற்கும். குருமாவில் கெட்டித்தன்மையும் லேசான இனிப்பும் கொழுப்பும் தர வேண்டும், அதற்குப் பொட்டுக்கடலையும் கசகசாவும் சேர்த்து அரைக்கலாம். எங்கள் சித்தி வீட்டில் ஒருமுறை திடீரென்று விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், தேங்காயும் இல்லை முந்திரியும் இல்லை, சித்தி நாலைந்து மாரி பிஸ்கட்டை மிக்ஸியில் பொடித்துக் குருமாவில் கரைத்து ஊற்றினார். வந்தவர்கள் முந்திரி நிறைய அரைத்திருக்கிறீர்களே என்று கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பிஸ்கட்டில் இருப்பது மைதா, சர்க்கரை, கொழுப்பு. குருமாவுக்கு அப்போது வேண்டியிருந்ததும் அதுதான்!

பேச்சிலர்_ரூம்:
வணக்கம் அண்ணா, சரியான இழை. எங்கள் அறையில் இருந்து இரண்டு.

முதலாவது, தக்காளி சாஸ் ரசம். தக்காளி விலை ஏறியிருந்த நேரம், 2023 ஜூலை, கிலோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. ஓட்டலில் மீந்த சாஸ் பொட்டலங்கள் டப்பா நிறைய இருந்ததால் அறைத்தோழன் அவ்வளவையும் பிழிந்து ரசம் வைத்துவிட்டான். மேலே மிளகு சீரகம் பூண்டு எல்லாம் முறையாகத் தட்டிப் போட்டு, கொத்தமல்லி கூட தூவினான். நிறம் அருமை. வாயில் வைத்தால் பாகு மாதிரி இனிப்பு, பின்னாலேயே வினிகர் நெடி. சாப்பிட முடியவில்லை, மறுநாள் அதையே சுண்டக் காய்ச்சி முட்டை உடைத்து ஊற்றி பிரெட்டோடு சாப்பிட்டோம், அது காலியாகிவிட்டது.

இரண்டாவது நிஜமாகவே நல்லது. சாம்பார்பொடி, மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயம் ஒன்றும் இல்லாத ஒரு நாள், மாங்காய் ஊறுகாய் பாட்டிலின் அடியில் தங்கியிருந்த எண்ணெயையும் மசாலாவையும் வழித்துப் புளிக்குழம்பில் போட்டோம். நல்லெண்ணெய், மிளகாய், வெந்தயம், பெருங்காயம், கடுகு என்று தாளிக்க வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறதே! உப்பு மட்டும் தனியாகப் போடக்கூடாது, ஊறுகாயிலேயே போதுமானது உண்டு.

மாடிவீட்டுச்_சமையல்:
தம்பி, அந்த ரசத்துக்குத் தக்காளியே தேவையில்லை. புளியைக் கரைத்து மிளகு ரசம் வைத்திருக்கலாம், தக்காளி நம் அடுப்புக்கு வருவதற்கு முன்னால் எல்லாரும் அப்படித்தானே வைத்தார்கள்.

புளியும் இல்லையென்றால் எலுமிச்சை என்று எல்லாரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் சாற்றைக் கொதிக்கவிடாதீர்கள். கொதித்தால் மணம் போய்க் கசப்பு தலைகாட்டும். அடுப்பை அணைத்து இறக்கிய பிறகு பிழியுங்கள். அதனால்தான் ரசத்துக்கு எலுமிச்சை ஒத்துவருகிறது, வத்தக்குழம்புக்கு வருவதில்லை, அங்கே புளி கொதித்துச் சுண்ட வேண்டும். மாங்காய் கிடைக்கும் காலத்தில் சாம்பாருக்கு மாங்காய்த் துண்டு, கீரைக் கடையலுக்குப் புளிச்சகீரையையே ஒரு கைப்பிடி, மீன் குழம்புக்குக் குடம்புளி. குடம்புளியின் லேசான புகை மணம் மீனுக்குத்தான் பொருந்தும், அதைச் சாம்பாரில் போட்டுவிடாதீர்கள்.

டெக்சாஸ்_சாம்பார்:
நாங்கள் இருக்கும் ஊரில் இந்தியக் கடைக்கு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும், அதனால் எங்கள் வீட்டில் பாதிச் சமையல் மாற்றுச் சமையல்தான். ரவைக்குக் கிரீம் ஆஃப் வீட் என்று காலைக் கஞ்சிக்கு விற்பது, அதைப் பச்சையாக வாங்கி வறுத்தால் நம்ம வெள்ளை ரவை. தென்மாநிலங்களில் கிடைக்கும் கிரிட்ஸ் என்ற மக்காச்சோள ரவையில் உப்புமா கிண்டினால் அரிசி உப்புமா ஞாபகம் வரும், தண்ணீர் மட்டும் கூட வேண்டும். சேவைக்கு அரிசி நூடுல்ஸ், சமோசாவுக்கு டார்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டி.

மாங்காய்க்கு கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள். தோலோடு பொடியாக நறுக்கி, உப்பு மிளகாய்த்தூள் பிசறி, நல்லெண்ணெயில் கடுகு பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் கல்யாண வீட்டு மாங்காய் ஊறுகாயேதான். ஊரிலிருந்து வந்த மாமனார் மாங்காய் இங்கே எந்த மாதத்தில் காய்க்கும் என்று கேட்டார், சொல்லும் வரை அவருக்குத் தெரியவில்லை. நவம்பரில் கிரான்பெர்ரி மலிவாக வரும், தொக்குக்கு அதைவிடப் புளிப்பான பழம் கிடையாது. ரூபார்ப் தண்டில் கோங்குரா மாதிரி துவையல் செய்யலாம், ஆனால் தண்டு மட்டும்தான், இலை விஷம், அதில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். கீரை மாதிரி இருக்கிறதே என்று யாரும் கடைந்துவிடாதீர்கள்!

சேலத்து_ஜவ்வரிசி:
எங்கள் ஊர்ச் சரக்கே ஒரு மாற்றுச் சரக்குதான் என்பது பல பேருக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். ஜவ்வரிசி முதலில் மலாய்த் தீவுகள் பக்கம் வளரும் சாகோ பனையின் தண்டு மாவிலிருந்து வந்தது, அங்கிருந்து கப்பலில் இறக்குமதி. இரண்டாம் உலகப்போரில் அந்த வழி அடைபட்டது. 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கு மாவை எடுத்து உருட்டி வறுத்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். போர் முடிந்த பிறகும் மரவள்ளி ஜவ்வரிசியே நிலைத்துவிட்டது. 1981இல் சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கமே வந்துவிட்டது. இன்றைக்குப் பாயசத்தில் நீங்கள் போடுவது, வடாம் பிழிவது, விரதத்துக்குக் கிச்சடி செய்வது எல்லாம் மரவள்ளிதான். தீர்ந்துபோன சாமானுக்குப் பதிலாக வந்தது அசலையே மறக்கடித்துவிட்டது. இதில் எனக்கு நிரம்பப் பெருமை.

மாடிவீட்டுச்_சமையல்:
அருமை! ரவா இட்லியும் அதே போர்க்காலம்தான். அரிசித் தட்டுப்பாட்டில் ரவையை வைத்து இட்லி வார்த்துப் பார்த்தோம் என்று பெங்களூரு எம்.டி.ஆர். ஓட்டல்காரர்களே சொல்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால் அரிசிக்கு மட்டும் மாற்று இல்லை, ராத்திரி முழுக்கப் புளிக்கும் நேரத்துக்கும் மாற்று. தயிரின் புளிப்பும் சமையல் சோடாவும் சேர்ந்து காற்றை உண்டாக்குகின்றன, அரைமணியில் இட்லி எழும்புகிறது. தயிர் புளிக்காததாக இருந்தால் சோடா மட்டும் தனியாக நின்று சோப்பு வாடை அடிக்கும், அப்போது அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள்.

நெல்லை_அடுப்பு:
புரட்டாசி வந்தால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் சைவ மீன் குழம்பு. மீனை நினைத்துக்கொண்டு சாப்பிடுவதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், இதை ஒழுங்காகச் செய்தால் நாக்கு சப்புக்கொட்டும். கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

தட்டைப்பயறு ஒரு கப்பை ராத்திரி ஊறவைத்துக் காலையில் தண்ணீரை ஒட்ட வடித்துவிடுங்கள். சோம்பு, பூண்டு, காய்ந்த மிளகாய், உப்பு சேர்த்துத் தண்ணீர் தெளிக்காமல் அரைக்க வேண்டும், வடை மாவை விடக் கெட்டியாக இருக்க வேண்டும். வாழை இலையில் எண்ணெய் தடவி, மாவை விரல் கனத்துக்கு நீளவாக்கில் பரப்பி, நடுவில் கொஞ்சம் உப்பலாகவும் ஓரம் மெலிந்தும் வருகிற மாதிரி தட்டி, இலையை மூடி இட்லிப் பானையில் ஆவியில் வேகவையுங்கள். ஆறினதும் குறுக்கே நறுக்கினால் வஞ்சிரத் துண்டு மாதிரியே வந்து நிற்கும். சூட்டோடு நறுக்கினால் உதிர்ந்துவிடும், ஆறட்டும். தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுத்துக்கொண்டு, புளி, சின்ன வெங்காயம், தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு துண்டுகளை மெதுவாக இறக்கி ஒரே கொதியில் அணைத்துவிடுங்கள். கரண்டி போட்டுக் கிளறவே கூடாது.

எங்கள் வீட்டுக்கு வந்த பெரியப்பா ஒருவர், கண் பார்வை கொஞ்சம் மங்கல், துண்டை எடுத்து விரலால் நிமிண்டி நிமிண்டி முள்ளைத் தேடிக்கொண்டே இருந்தார். அம்மா பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முள் எடுத்த மீன்தான், பயப்படாம சாப்பிடுங்க" என்றார். விஷயம் தெரிந்ததும் அவரும் சேர்ந்து சிரித்தார், போகும்போது மீதியைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போனார்.

அம்மிக்கல்:
நெல்லை அண்ணாச்சி, செய்முறை பிரமாதம், ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது மீனுக்கு மாற்று இல்லை, தனிப் பதார்த்தம். மீன் கிடைக்கும் நாளிலும் எங்கள் வீட்டில் பிள்ளைகள் அதைக் கேட்கிறார்கள்.

திருச்சிக்காரருக்கும் ஒன்று. வேலையைப் பார்த்துப் போடு என்பது புளிப்புக்கும் கெட்டிக்கும் சரி. மணத்துக்கு அது நடக்காது. கறிவேப்பிலைக்கு என்ன போடுவீர்கள்? எலுமிச்சைத் தோல் சீவிப் போடு, துளசி போடு என்று வெளிநாட்டுச் சமையல் பக்கங்களில் எழுதுகிறார்கள், துளசி போட்டுத் தாளித்த சாம்பார் கோயில் தீர்த்தம் வாசனை அடிக்கும். இல்லையென்றால் போடாமல் விடுங்கள்.

திருச்சி_தாளிப்பு:
கறிவேப்பிலை விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, நானும் விட்டுவிடத்தான் சொல்வேன். ஆனால் எல்லா மணமும் அப்படி இல்லை. பெருங்காயம் இருக்கிறதே, அதன் வாடை கந்தகச் சேர்மங்களால் வருவது, பூண்டு வெங்காயத்துக்கும் அதே குடும்ப வாடைதான். பூண்டு சேர்க்காத வீடுகளில் பெருங்காயம் பூண்டின் வேலையைச் செய்கிறது, பெருங்காயம் தீர்ந்த நாளில் எங்கள் வீட்டில் ஒரு பல் பூண்டை நசுக்கி எண்ணெயில் போட்டுப் பருப்பில் கொட்டுகிறோம், ஒன்றுக்கொன்று கைமாற்று. ஆப்கானிஸ்தான், ஈரானிலிருந்து வரும் பிசினுக்கு நாம் காலங்காலமாகக் காசு கொடுக்கிறோம், இங்கே பயிர் செய்து பார்க்க இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் செடி நட்டதே 2020 அக்டோபரில்தான்.

கரவெட்டி:
எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் இதை நாங்கள் விளையாட்டாய்ச் செய்யவில்லை. 1990இல் திரும்பவும் சண்டை தொடங்கினதோடு பொருளாதாரத் தடை வந்தது, மின்சாரமும் நின்றது. சீனி கண்ணில் காணக் கிடைக்காது, கிடைத்தாலும் விலை. வெறுந்தேத்தண்ணியை ஒரு கையிலும் பனங்கட்டித் துண்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு, கட்டியை ஒரு கடி, தேத்தண்ணியை ஒரு முறடு. பனங்கட்டியைக் கரைத்தால் அதிகம் செலவாகும், கடித்துக் குடித்தால் ஒரு சின்னத் துண்டு ஒரு கோப்பைக்குப் போதும். இப்ப கனடாவில் சீனி தாராளமாய் இருக்க, அம்மா இன்னும் அப்படித்தான் குடிக்கிறா.

கோதுமை மா இல்லாத நாட்களில் குரக்கன் (கேழ்வரகு) மாவிலும் ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவிலும் பிட்டு அவித்தோம். ஒடியலில் ஒரு கசப்பு இருக்கும், மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு வடித்து, திரும்பவும் ஊறவிட்டுப் பிழிந்தால்தான் போகும். மரவள்ளி அவிக்கிறவர்கள் சட்டியை மூடாமல் அவித்து அந்தத் தண்ணீரைக் கட்டாயம் ஊற்றிவிடுங்கள், கிழங்கில் சயனைட் உண்டாக்கும் பொருள் இருக்கிறது, இதில் அசட்டை கூடாது.

சிரிப்புக் கதையும் இருக்கு. உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து தோய்த்தோம், நல்லாய் அழுக்குப் போகும். ஆனால் வெயிலில் காயப்போட்ட சட்டையை மாடு வந்து நக்கிச் சப்பிவிடும், கொடிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் தடியோடு நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் முழு வகுப்பும் பனங்காய்ப் பணியார வாசம் அடித்தது.

ஈப்போ_அக்கா:
கரவெட்டித் தம்பி எழுதியதைப் படித்ததும் எங்கள் பாட்டி சொன்னதெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது. மலாயாவில் ஜப்பான்காரன் காலம், 1942லிருந்து 1945 வரைக்கும் அரிசி பங்கீட்டில் கொஞ்சம்தான், மரவள்ளிதான் சோறு. தோட்டத்தில் மரவள்ளியைத் துருவிப் பிழிந்து புட்டு, அடை, கஞ்சி, கொழுந்து இலையை வேகவைத்துக் கீரை. பாட்டி சாகும் வரைக்கும் மரவள்ளியைத் தொடவில்லை, நாங்கள் தேங்காயும் சர்க்கரையும் போட்டு ஆசையாகச் சாப்பிடும்போது எழுந்து போய்விடுவார்.

இப்போது நாங்கள் செய்யும் மாற்று ஒன்று. கசகசா இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை, சிங்கப்பூரில் தடையே உண்டு. அதற்குப் பதில் புவா கெராஸ் என்ற கொட்டையை அரைத்துக் குருமாவில் சேர்க்கிறோம், அதே கெட்டி, அதே வழவழப்பு. பச்சையாக வாயில் போடாதீர்கள், வயிற்றைக் கலக்கிவிடும், நன்றாகக் கொதிக்க வேண்டும். சிங்கப்பூருக்குப் பயணம் போகிறவர்களும் பையில் கசகசா கொண்டுபோகாதீர்கள்.

பேச்சிலர்_ரூம்:
உறை மோர் இல்லாவிட்டால் தயிர் எப்படி? பக்கத்து வீட்டில் கேட்கச் சங்கடமாக இருக்கிறது.

மாடிவீட்டுச்_சமையல்:
மிளகாய்க் காம்பு தம்பி. பாலைக் காய்ச்சி விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, காம்போடு இருக்கும் மிளகாய் இரண்டு மூன்றை முழுசாக, கிள்ளாமல், காம்பு முழுகும்படி போட்டு மூடி, அசைக்காமல் ராத்திரி முழுக்க வை. பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் காம்பில் ஒட்டியிருக்கும். முதல் தடவை நீர்த்து, கொஞ்சம் கொழகொழவென்று வரும், முகம் சுளிக்காதே, அதை உறையாக வைத்து அடுத்த பாலைத் தோய்த்தால் கெட்டித் தயிர். காரம் இறங்காது. பழுப்பு நிறமோ கெட்ட நாற்றமோ வந்தால் மட்டும் கொட்டிவிடு.

அம்மிக்கல்:
பருப்பு பற்றி யாரும் எழுதவில்லையே. 2015இல் துவரம்பருப்பு கிலோ இருநூறு ரூபாயைத் தொட்டபோது எங்கள் தெருவே கடலைமாவு சாம்பாருக்கு மாறியது. வெங்காயம் தக்காளி வதக்கி, தண்ணீர் கொதிக்கையில் இரண்டு கரண்டிக் கடலைமாவைக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றினால் இட்லிக்குப் பத்து நிமிஷத்தில் சாம்பார். ரேஷனில் வரும் கனடா மஞ்சள் பருப்பைக் குறை சொல்வார்கள், அதையும் துவரையையும் பாதிப்பாதி கலந்து போட்டுப் பாருங்கள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். 2019 கடைசியில் வெங்காயம் நூறைத் தாண்டியபோது ஓட்டல் ஆம்லெட்டில் முட்டைக்கோஸ் வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பொடியாக நறுக்கி உப்புப் பிசறிப் பிழிந்துவிட்டுப் போட்டால் அது பரவாயில்லை, அப்படியே போட்டால் தண்ணீர் விட்டு ஆம்லெட் நொளநொளக்கும்.

காவிரிக்கரை:
மாற்றே வேண்டாத சமையல் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது, திவசச் சமையல். எங்கள் வீட்டில் அன்றைக்கு மிளகாய் கிடையாது, தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு ஒன்றும் கிடையாது. காரத்துக்கு மிளகு, கூடவே சீரகம், வாழைக்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல், அவ்வளவுதான். சாப்பிட்டவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. மிளகாய் போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, 1498க்கு முன்னால் இந்த மண்ணில் கிடையாது. விளைவிக்கச் சுலபம், விலை மலிவு, அதனால் மிளகு இருந்த இடத்தில் மிளகாய் உட்கார்ந்துவிட்டது. மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டதே என்று தவிக்கிறவர்கள் மிளகைத் தட்டிப் போட்டால் பழைய ஆளுக்கு அவர் இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

டெக்சாஸ்_சாம்பார்:
முட்டை இல்லாத கஸ்டர்டும் இதே கதைதான். பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் 1837இல் சோளமாவை வைத்துக் கஸ்டர்ட் செய்தார். நாம் பழத்துண்டு போட்டுக் குளிரவைத்துச் சாப்பிடும் கஸ்டர்ட் பவுடர் அந்த வழியில் வந்ததுதான். மனைவி சாப்பிட வேண்டுமே என்று ஒரு மனிதர் மெனக்கெட்டிருக்கிறார், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

பேச்சிலர்_ரூம்:
எல்லாருக்கும் நன்றி. இப்போது அவசரம்: வத்தக்குழம்புக்குப் புளி கரைத்துத் தாளித்தும் ஆகிவிட்டது, டப்பாவைத் திறந்தால் சுண்டைக்காய் வத்தல் இல்லை. மணத்தக்காளியும் இல்லை. காய் என்று ஒன்றுமே இல்லை. நாலு பேர் பசியோடு உட்கார்ந்திருக்கிறோம்.

அம்மிக்கல்:
அப்பளம் இருக்கிறதா?

பேச்சிலர்_ரூம்:
உளுந்து அப்பளம் ஒரு கட்டு இருக்கிறது அக்கா.

அம்மிக்கல்:
அப்புறம் என்ன, அப்பளக் குழம்புதான். நாலைந்தை எடுத்து விரல் நீளத்துக்கு உடைத்து நல்லெண்ணெயில் பொரித்து வை. குழம்பு சுண்டி எண்ணெய் மிதந்த பிறகு அடுப்பை அணைக்கும்போது போடு, முன்னாலேயே போட்டால் கூழாகிவிடும். அப்பளத்தில் உப்பு உண்டு, குழம்பில் உப்பைக் குறைத்துக்கொள். சுண்டைக்காயின் அந்தச் சின்னக் கசப்பு வேண்டுமென்றால் நாலு வெந்தயத்தைக் கருகாமல் சிவக்க வறுத்துப் பொடித்துத் தூவு.

பேச்சிலர்_ரூம்:
வெந்தயம் அந்த ஊறுகாய் பாட்டிலில்தான் இருக்கிறது.

அம்மிக்கல்:
அதையே ஒரு ஸ்பூன் போடு. உப்பை இன்னும் குறை.